வலைக்கிடங்கின் மேல்மாடி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கார்ன்வால். அதன் வடகரையில் இருக்கும் சின்னஞ்சிறு துறைமுகம் செயின்ட் ஐவ்ஸ். ஓவியர்கள் ஏன் இங்கே குவிந்தார்கள் என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் வெளிச்சம். ஊரைச் சுற்றிக் கடல்; மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் ஒளி. உண்மைதான். ஆனால் 1811-இல் ஓவியர் டர்னர் இந்த ஊருக்கு வந்தபோதும் அதே வெளிச்சம் இருந்தது. அவர் கோட்டுச் சித்திரங்கள் வரைந்துகொண்டு கிளம்பிவிட்டார். ஓவியர்கள் கூட்டமாக வந்து குடியேற அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர்களுக்கு இடம் விட்டது மத்தி மீன்.

அன்றைக்கு ஊருக்குச் சோறு போட்டது மத்திதான். குன்றின்மேல் ஒருவர் காவல் நிற்பார். கடலில் மீன் கூட்டத்தின் நிறம் தெரிந்ததும், தகரக் குழலில் “ஹெவ்வா!” என்று கத்துவார். ஊரே படகுகளுக்கு ஓடும். வலையை எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று மேலிருந்தபடியே சைகை காட்டுவதும் அவர் வேலை. பிடித்த மீன் உப்பிலிடப்பட்டு, எண்ணெய் வடிய அழுத்தப்பட்டு, பீப்பாய்களில் இத்தாலிக்குக் கப்பலேறும். மீனைக் கிடங்குகளின் கீழ்த்தளத்தில் பதப்படுத்துவார்கள். மேல்மாடியில் வலையும் படகுப் பாயும் இருக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மத்தி வரத்து குறைய, மாடிகள் காலியாயின. 1877-இல் ஊருக்கு ரயில் வந்தது. 1883-84 குளிர்காலத்தில் ஓவியர் விஸ்லர் தன் சீடர்கள் சிக்கர்ட், மென்பெஸ் இருவரோடு வந்து தங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் சோர்ன், பின்லாந்தின் ஹெலென் ஷெர்ஃப்பெக் என வெளிநாட்டாரும் வரத் தொடங்கினார்கள். வாடகை மலிவு. கூரையில் பெரிய ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டால் பாய்மாடி ஓவியக்கூடமாகிவிடும். 1890-இல் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கமே அமைந்துவிட்டது.

போர்த்மியர் கடற்கரையை ஒட்டிய கட்டடம் இந்த மாற்றத்துக்கு நல்ல சாட்சி. கீழே மீனவர்களின் வலைக்கிடங்கு, மேலே ஓவியக்கூடங்கள். ஐந்தாம் எண் கூடத்தில் ஓவியர் பென் நிக்கல்சன் இருந்தார். 1958-இல் அவருக்குப்பின் பேட்ரிக் ஹெரன் வந்தார். 1959-இல் ஃபிரான்சிஸ் பேக்கனும் அங்கே ஒரு கூடத்தைச் சில மாதங்கள் வாடகைக்குப் பிடித்திருந்தார். இரு தொழிலுக்கும் இடையே உரசலும் இருந்தது. மெத்தடிஸ்ட் பக்தி மிகுந்த ஊர் அது. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை தூரிகையைத் தொட்டவர்களை மீனவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு உலகத்துக்கும் பாலமானவர் ஆல்ஃபிரட் வாலிஸ். நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய்வந்தவர். பின்பு ஊரில் பழைய கயிறு, இரும்பு வாங்கி விற்றவர். 1922-இல் மனைவி இறந்தபின், எழுபது வயதை நெருங்கும்போது, தனிமைக்குத் துணையாக வரையத் தொடங்கினார். கேன்வாஸ் கிடையாது. கிழிந்த அட்டைப்பெட்டியின் துண்டு எந்த வடிவத்தில் இருந்ததோ, படத்துக்கும் அதுவே வடிவம். வண்ணமோ படகுக்கும் வீட்டுக்கும் அடிக்கிற பெயின்ட். 1928-இல் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வுட்டும் தெருவில் நடந்து போகையில், திறந்திருந்த கதவு வழியே அந்தப் படங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். படித்த ஓவியர்கள் படிக்காத கிழவரிடம் பாடம் கற்றார்கள். ஆனாலும் 1942-இல் வாலிஸ் இறந்தது ஏழைகள் விடுதியில்தான். அவர் கல்லறைக்கு ஓடுகளில் ஒரு கலங்கரை விளக்கம் வரைந்தார் பெர்னார்ட் லீச். கைத்தடி ஊன்றிய சிறு உருவம் ஒன்று அதற்குள் நுழைகிறது.

லீச் குயவர். ஜப்பானில் தொழில் கற்று, 1920-இல் குயவர் ஷோஜி ஹமாடாவுடன் இங்கே வந்து பட்டறை போட்டார். மேற்குலகின் முதல் ஜப்பானிய ஏறுசூளை (சரிவில் அறை அறையாக ஏறும் சூளை) இங்கேதான் எழுந்தது. நல்ல களிமண்ணும் விறகும் பக்கத்தில் கிடைக்காதது பிறகுதான் தெரிந்தது. இருந்தும் பட்டறை நிலைத்தது.

1939-இல் உலகப் போர் மூளும் தறுவாயில், நிக்கல்சனும் அவர் மனைவி, சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தும் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளோடு லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சிற்பி நவும் காபோவும் பின்தொடர்ந்தார். அவர்களால் இந்த மீன்பிடி ஊர் நவீனக் கலையின் முகவரிகளில் ஒன்றானது. 1949-இல் ஊரில் ட்ரூவின் என்ற பட்டறையை வாங்கிய ஹெப்வொர்த், தோட்டத்தில் திறந்தவெளியிலேயே கல் செதுக்கினார். பிறகு எதிரிலிருந்த பழைய நடனக்கூடத்தையும் வாங்கிக்கொண்டார். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன் நிற்கும் ‘சிங்கிள் ஃபார்ம்’ சிற்பத்துக்கான வேலை நடந்தது அங்கேதான். 1975-இல் ட்ரூவினில் பிடித்த தீயில் அவர் இறந்தார்; அடுத்த ஆண்டே அது அருங்காட்சியகமானது.

1993-இல், பழைய எரிவாயு ஆலை இருந்த மனையில் டேட் கலைக்கூடம் திறக்கப்பட்டது. பயணிகள் பெருகினார்கள், அவர்களில் வசதியுள்ளவர்கள் விடுமுறை வீடு வாங்கினார்கள். மலிவு வாடகைக்காகக் கலைஞர்கள் தேடி வந்த ஊரில் வீட்டுவிலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாமல் போயிற்று. 2016-இல் ஊர் வாக்கெடுப்பு நடத்தியது. புதிதாகக் கட்டும் வீடுகளை அங்கேயே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற திட்டத்தை 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்தார்கள். கட்டுமானத் தரப்பு உயர்நீதிமன்றம் போயும் விதி நின்றது. ஆனால் அது புது வீடுகளுக்கு மட்டுமே; துறைமுகத்தை ஒட்டிய பழைய மீனவர் குடியிருப்புகளை விடுமுறை வீடாக வாங்குவதற்கு அது தடையில்லை.