மூக்கை அளந்தவர்களும் நாமும்



மணலி புதுநகர் மாலை வகுப்பு மாணவர்களோடு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். 1851-ல் தொடங்கப்பட்ட இடம். பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை ஓடி ஓடிப் பார்த்திருப்போம். இந்த முறை நின்று பார்த்தோம்.

முதலில் கற்கருவிகளைப் பற்றிப் பேசினோம். 1863-ல் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கம் இருப்பது கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் நம் தெருவுக்குள் வருகிறதே, அதே ஆறுதான். அங்கே கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். அந்தக் கல்லைச் செதுக்கிய கைக்குச் சாதி கிடையாது.

ஆனால் சாதியை அளந்து பார்த்த வரலாறும் இதே அருங்காட்சியகத்துக்கு உண்டு. 1885 முதல் இதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் 7 தொகுதிகள் வெளியிட்டார். இந்த ஆய்வுகளுக்காக மக்களை நிறுத்திவைத்து, தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். மூக்கு அகலமாக இருந்தால் சாதி தாழ்ந்தது என்பது ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரியின் கோட்பாடு. அன்றைக்கு அதற்கு அறிவியல் என்று பெயர்.

"அக்கா, யாருமே எதிர்த்துக் கேட்கலையா?" என்றாள் ஒரு மாணவி.

கேட்டார். தீண்டாமையின் தோற்றம் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட நூலில் இந்த மூக்களவை எண்களையே எடுத்து வைத்தார். பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பதை அந்த எண்களே பொய்யாக்குகின்றன என்று காட்டினார். நம்மைத் தாழ்த்த எடுத்த அளவை வைத்தே அந்த வாதத்தை உடைத்தார். தீண்டாமை இரத்தத்தில் இல்லை என்றால், அது மனிதர் உண்டாக்கியது. மனிதர் உண்டாக்கியதை மனிதரால் ஒழிக்கவும் முடியும்.

அதனால் அருங்காட்சியகம் நமக்கானது இல்லை என்று ஒதுங்காதீர்கள். போங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று கேளுங்கள்: இதைச் செய்தவர் யார்? எடுத்து வந்தவர் யார்? விளக்கம் எழுதியவர் யார்? வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதிய 7 தொகுதிகள் இருக்கின்றன. நாம் எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

ஜெய்பீம்.