பிழையென்றது விதியான கதை



செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சி, ஆங்கிலம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்ததே. வீடு ஒன்று இப்பொழுது கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை, 'த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்று எழுதும் மாணவனுக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலச் சிறுவன் ஒருவன் இவ்வாறு எழுதியிருந்தால், ஆசிரியர் அதனை வெட்டித் திருத்தியிருக்கவுங் கூடும்.

அந்நாளில் அப்பொருளை உணர்த்திய வழக்கு 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதாகும். சொல்லளவில் நோக்கின், வீடே எதனையோ கட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்படும். வீடு எதனையும் கட்டாது என்பதை எவரும் அறிவராதலின் மயக்கம் எழவில்லை. இந்நெறி தமிழுக்கும் புதிதன்று. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுதலும் வழக்கே என்று தொல்காப்பியம் உடன்படுகின்றது. மெழுகப்பட்ட திண்ணையை, அதுவே மெழுகியதுபோலக் கூறுவதை உரையாசிரியர்கள் உதாரணமாகக் காட்டுவர்.

ஆனால், வீட்டுக்குப் பதிலாக ஒரு மனிதனை வைத்துப் பாருங்கள். 'அவன் அடித்துக்கொண்டிருக்கிறான்' என்னும் அமைப்பினால், அவன் அடிப்பவனா, அடிபடுபவனா என்பது விளங்குமா? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பீயிங்' என்னும் சொல் இடையே புகுந்து இம்மயக்கத்தை நீக்கிற்று. பின்னாளில் அரசவைக் கவிஞராக விளங்கிய ரொபேட் சவுதே, 1795இல், தமது இருபத்தொராம் வயதில் எழுதிய கடிதமொன்றில், பல் பிடுங்கப்படுபவன் ஒருவனை வருணிக்க இவ்வடிவத்தையே கையாண்டார்.

அறிஞர் சிலர் இதனை வெறுத்தனர். அமெரிக்கரான ஜோர்ஜ் பேர்க்கின்ஸ் மார்ஷ், 1860இல் வெளிவந்த தமது விரிவுரைகளில் இதனைக் கண்டித்தார். 'இஸ்', 'பீயிங்' ஆகிய இரண்டும் ஒரே வினையின் வடிவங்கள். அவற்றை அடுக்குவது பொருளற்றது என்று ரிச்சட் கிராண்ட் வைற் 1870இல் வாதிட்டார். ஆயினும் மக்கள் வழக்கே வென்றது. கண்டிக்கப்பட்ட வடிவம் விதியாயிற்று. பழைய வடிவம் அருகிப்போயிற்று.

நெடுங்காலம் சிவப்பு மையினாற் கொப்பிகளைத் திருத்தியவன் யான். விதிகளைக் கற்பிக்கவே வேண்டும். பரீட்சை அவற்றைக் கேட்கின்றது. எனினும், 'பிழை' என்றெழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பதுடன் நம் கடமை முடிந்துவிடாது. செய்தவர் யார், செயலுக்கு உள்ளானவர் யார் என்பதைத் தெளிவாக்கும் ஒரு கருவியே இவ்விதி என்று விளக்கிப் பாருங்கள். விதியைக் கண்டு அஞ்சிய மாணவன், அதனை விளங்கிக்கொள்ளத் தொடங்குவான்.