மானஸ் காட்டின் மீட்சி: போடோ மக்களும் காண்டாமிருகமும் சூழல்சுற்றுலாவும்

முன்னுரை

சபா மாநிலத்தில் பராமரிக்கப்பட்டு வந்த இமான் என்னும் பெண் காண்டாமிருகம் 2019 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் உயிர் நீத்தது. மலேசிய மண்ணில் சுமத்திராக் காண்டாமிருகத்தின் வரலாறு அத்துடன் முற்றுப்பெற்றது. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. பூட்டான் எல்லையை ஒட்டிய மானஸ் காட்டில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் அடியோடு அழிந்தது. 2022 மார்ச்சுக் கணக்கெடுப்பில் அதே காட்டில் 40 காண்டாமிருகங்கள் எண்ணப்பட்டன. இனம் வேறு, சூழல் வேறு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் முறையாகாது. எனினும், போன உயிரினம் திரும்பி வர என்ன நேரவேண்டும் என்னும் வினா நமக்கும் உரியதே.

இழந்த உயிரினங்களை அவற்றின் பழைய வாழிடத்தில் மீண்டும் குடியேற்றி, அவ்விடத்தின் இயற்கைப் போக்கை மீளச் செய்யும் முயற்சியை 'மறுவனமாக்கம்' என்று இக்கட்டுரை குறிக்கிறது. மரம் நடுதலை இச்சொல்லோடு குழப்பிக்கொள்ளலாகாது. புல்வெளிகளே உயிர்நிலையான மானசில் மரம் மிகுதல் சில இடங்களில் கேடாகவே முடியும். மறுவனமாக்கத்தையும் சூழல்சுற்றுலாவையும் இணைத்தால் சிற்றூர் மக்கள் வாழ்வு பெறுவர் என்பது இன்று வளர்ச்சித் திட்ட அறிக்கைகள் பலவற்றில் காணப்படும் கருத்து. மானஸ் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதும் உண்டு. ஆயின் அங்கு நிகழ்ந்தவற்றைக் கால வரிசையில் வைத்து நோக்கினால், சுற்றுலா கடைசியில் வந்து சேர்ந்த ஒன்று என்பதும், அதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியிருந்தது காடு யாருடையது என்னும் அரசியல் வழக்கு என்பதும் புலனாகும்.

வேட்டைக்காடும் ஒதுக்கப்பட்ட காடும்

மானஸ் ஆறு பூட்டான் மலைகளிலிருந்து இறங்கி மாத்தங்குரி என்னுமிடத்தில் சமவெளியை அடைகிறது. ஆற்றின் மறுகரையில் பூட்டானின் அரச மானஸ் காடு தொடர்கிறது. கூச் பீகார் அரச குடும்பத்தாரும் கௌரிப்பூர் ஜமீன்தாரும் வேட்டையாடிய நிலம் இது. 1907 இல் ஒதுக்கப்பட்ட காடாகவும், 1928 இல் சரணாலயமாகவும் ஆங்கிலேயர் இதனை அறிவித்தனர். விடுதலைக்குப் பின் சிறப்புப் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1973 இல் புலிகள் காப்பகம். 1985 இல் உலக மரபுச் சின்னம். 1990 இல் தேசியப் பூங்கா.

இக்காட்டின் தெற்கு விளிம்பில் வாழ்வோருள் போடோ மக்கள் பெரும்பான்மையினர். திபெத்து-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுவோர், நெல் பயிரிடுவோர். மலையடிவாரத்து ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, வீட்டுக்கு ஓர் ஆள் என உழைப்பைப் பகிர்ந்து நீரைப் பங்கிடும் 'தோங்' என்னும் பாசன முறை இவர்களுடையது. நம் குடிமராமத்தை நினைவூட்டும் முறை இது. இவர்களுக்குக் காடு என்பது விறகும் கூரைப் புல்லும் மேய்ச்சலும் மீனும் தரும் இடம். 1891 ஆம் ஆண்டின் அசாம் வன ஒழுங்குமுறைச் சட்டம் அந்த உரிமைகளைச் சலுகைகளாக மாற்றிற்று. வெளியிலிருந்து வந்து குடியேறியோரால் நிலம் கைமாறுவது பெருகவே, 1947 இல் நிலவருவாய்ச் சட்டத்தைத் திருத்திப் பழங்குடி வட்டாரங்கள் வரையறுக்கப்பட்டன. சட்டம் ஏட்டில் இருந்தது; நிலம் போய்க்கொண்டே இருந்தது.

இந்நிலையில் உலக மரபுச் சின்னம் என்னும் பெருமை உள்ளூர் மக்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாரிசில் கூடிய குழுவொன்று காட்டுக்கு மதிப்பளித்தது. அக்காட்டில் விறகு பொறுக்கிய பெண்ணுக்கு அது மற்றுமொரு தடையாக வந்து சேர்ந்தது.

மொழியில் தொடங்கிய போராட்டம்

போடோ இயக்கத்தின் வேர் மொழியில் இருந்தது என்பது தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தி. 1952 இல் போடோ இலக்கிய மன்றம் தோன்றியது. 1974-75 இல் தம் மொழியை உரோமன் எழுத்தில் எழுத வேண்டும் எனப் போராடினர். முடிவில் தேவநாகரி ஏற்கப்பட்டது. 1967 இல் தொடங்கப்பட்ட அனைத்துப் போடோ மாணவர் சங்கம், உபேந்திரநாத் பிரம்மாவின் தலைமையில் 1987 மார்ச்சில் தனி மாநிலக் கோரிக்கையை முன்வைத்துப் பெரும் கிளர்ச்சியில் இறங்கியது. பிரம்மா 1990 இல் மறைந்தார். இயக்கத்தின் ஒரு பகுதி ஆயுதம் ஏந்தியது.

பூட்டான் எல்லைக் காடு ஆயுதக் குழுக்களுக்கு ஏற்ற மறைவிடமாயிற்று. வனக்காவல் முகாம்கள் எரிக்கப்பட்டன, காவலர்கள் கொல்லப்பட்டனர், துறையினர் பின்வாங்கினர். காவல் நீங்கிய காட்டில் மரம் வெட்டுவோரும் கொம்புக்காக வேட்டையாடுவோரும் நுழைந்தனர். 1992 இல் யுனெஸ்கோ மானசை இடருக்குள்ளான மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சேத மதிப்பு இருபது இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் எனக் கணித்தது. கிளர்ச்சிக்கு முன் நூற்றை ஒட்டியிருந்த காண்டாமிருகங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

காட்டை அழித்தவர் போடோ மக்களே என்று சுருக்கமாகக் கூறிவிடும் எழுத்துகள் உள. அவ்வாறு கூறுதல் பொருந்தாது என்பது என் கருத்து. வேட்டையில் ஈடுபட்டோருள் உள்ளூர் இளைஞர் இருந்தனர் என்பது உண்மையே. கொம்பை வாங்கிய வணிகமோ நெடுந்தொலைவில் இருந்தது. மேலும், தமக்கு உரிமையில்லை என ஆக்கப்பட்ட ஒன்றைக் காக்கும் கடமை மட்டும் தமக்குண்டு என மக்கள் எவ்வாறு உணர்வர்?

2003

ஓர் ஆண்டில் பல நிகழ்வுகள் ஒன்றுசேர்ந்தன. 2003 பிப்ரவரி 10 ஆம் நாள் இந்திய அரசும் அசாம் அரசும் போடோ விடுதலைப் புலிகள் அமைப்பும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணையின்கீழ் போடோலாந்து ஆட்சி மன்றம் அமைந்தது. டிசம்பர் 6 இல் அவ்வமைப்பின் 2,600-க்கும் மேற்பட்டோர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். டிசம்பர் 15 இல் பூட்டான் தன் காடுகளிலிருந்த இந்தியக் கிளர்ச்சிக் குழுக்களின் முகாம்களை அகற்றும் படை நடவடிக்கையைத் தொடங்கியது. அதே மாதத்தில் நாடாளுமன்றம் ஏற்ற 92 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் போடோ மொழி எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது.

இவ்வாண்டில்தான் காட்டின் கிழக்குப் பகுதியான புய்யான்பாராவை ஒட்டிய கோக்லாபாரியில் மாவோசிகெந்திரி சூழல்சுற்றுலாச் சங்கம் பிறந்தது. நிறுவியோர் உள்ளூர் போடோ இளைஞர். முன்னர் வேட்டையாடியோரையும் மரம் வெட்டியோரையும் அவர்கள் தேடிச் சென்று பேசினர். துப்பாக்கிகளை ஒப்படைக்கச் செய்து, அவர்களையே காவல் தொண்டர்களாக்கினர். காட்டில் எந்த வழியாக நுழையலாம், விலங்கு எங்கே நீர் அருந்தும் என்பவற்றை அவர்களைவிட அறிந்தவர் யார்? வனத்துறையினர் செல்லத் தயங்கிய பகுதியில் இத்தொண்டர்கள் கால்நடையாகச் சுற்றி வந்தனர். வருவோர் தங்கச் சிறு குடில்கள் எழுந்தன; சமையலும் வழிகாட்டலும் ஊராரிடம் விடப்பட்டன. காட்டின் பிற பக்கங்களிலும் இத்தகைய சங்கங்கள் பின்னர்த் தோன்றின.

சங்கத்தின் பெயரில் சுற்றுலா இருப்பினும், அதன் முதற்பணி காவலாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் மானசுக்கு வரப் பயணிகள் அஞ்சினர். அன்று அங்கே காண்டாமிருகமும் இல்லை. ஆகவே வருவாயை நம்பி இளைஞர் காவலுக்கு வந்தனர் என்னும் விளக்கம் நிற்காது. தம் மக்களின் ஆட்சி மன்றம் அமைந்தபின் காடும் தம்முடையது என்னும் எண்ணம் அவர்களை இயக்கியது எனக் கொள்வதே பொருத்தம்.

விலங்குகளின் வருகை

மீள்குடியேற்றம் ஆதரவற்ற கன்றுகளிலிருந்து தொடங்கியது. காசிரங்கா வெள்ளத்தில் மீட்டு வளர்க்கப்பட்ட மைனாவ் என்னும் பெண் காண்டாமிருகம் 2006 இல் மானசுக்குக் கொண்டுவரப்பட்டது. போடோ மரபில் செல்வத்தின் தெய்வம் மைனாவ். நம் வழக்கில் திருமகள் எனலாம். பெயர் வைத்ததிலேயே ஓர் உரிமை கொண்டாட்டம் தெரிகிறது.

அசாமின் ஏழு காடுகளில் மொத்தம் 3,000 காண்டாமிருகங்கள் என்னும் இலக்குடன் 2005 இல் இந்தியக் காண்டாமிருகத் தொலைநோக்கு 2020 என்னும் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அசாம் வனத்துறை, போடோலாந்து ஆட்சி மன்றம், உலக இயற்கை நிதியம், பன்னாட்டுக் காண்டாமிருக அறக்கட்டளை ஆகியன இதில் இணைந்தன. மயக்க மருந்து ஊசியைத் தொலைவிலிருந்து எய்து, கழுத்தில் வானொலிப் பட்டை பூட்டி, மரப்பெட்டியில் ஏற்றி, இரவோடு இரவாக லாரியில் கொண்டுவரும் பணி அது. 2008 ஏப்ரலில் பொபிதோராவிலிருந்து முதல் இரு ஆண் விலங்குகள் வந்தன. 2012-க்குள் 18, 2021 ஏப்ரலில் வந்த இரண்டுடன் 20. சதுப்புமான்கள் 2014 இலும் 2017 இலும் காசிரங்காவிலிருந்து வந்தன. உலகின் மிகச் சிறிய பன்றியான குள்ளப்பன்றியின் கதை இன்னும் சுவையானது. 1996 இல் மானசிலிருந்து பிடித்துச் சென்ற ஆறு பன்றிகளைக் கொண்டு தொடங்கிய இனப்பெருக்கத்தின் வழித்தோன்றல்கள் முதலில் பிற காடுகளில் விடப்பட்டு, 2020 இல் தம் மூதாதையர் காட்டுக்கே திரும்பின.

திரும்பியவற்றுக்குப் புல்வெளி வேண்டும். புல்வெளியைக் காக்க ஆண்டுதோறும் அளவறிந்து எரியூட்ட வேண்டும். மிக்கேனியாக் கொடியையும் குரோமொலேனாப் புதரையும் களைய வேண்டும். தோட்டப்புறங்களில் வளர்ந்த நம் வாசகர்கள் இவ்விரு களைகளையும் நன்கறிவர். இயற்கையை அதன் போக்கில் விடுதல் என்னும் கோட்பாடு இங்கே மண்வெட்டி பிடித்த கைகளின்றி நடவாது.

2011 ஜூன் மாதம் யுனெஸ்கோ மானசை இடர்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இடம்பெயர்த்துக் கொண்டுவந்த காண்டாமிருகம் ஒன்று கொம்புக்காகக் கொல்லப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் பல. பட்டியலில் பெயர் நீங்கியதால் துப்பாக்கிகள் நீங்கிவிடவில்லை. உடன்படிக்கைக்கு வெளியே நின்ற ஆயுதக் குழுக்கள் இறுதியாக அமைதிக்கு வந்தது 2020 சனவரி உடன்படிக்கையில்தான்.

சுற்றுலா தந்ததும் தராததும்

சுற்றுலாவால் பயன் இல்லை என்று இக்கட்டுரை வாதிடவில்லை. வாகன ஓட்டுநர், வழிகாட்டி, சமையற்காரர், விடுதிப் பணியாளர் எனப் பலர் வாழ்வு பெற்றுள்ளனர். போடோப் பெண்கள் தறியில் நெய்யும் 'தொக்கோனா' என்னும் உடையும் 'அரோனாய்' என்னும் துண்டும் வெளியூர் வாங்குநரைப் பெற்றன. ஆயினும் மழைக்காலத்தில் பூங்கா மூடப்படும். ஏறக்குறைய அரையாண்டுக்குச் சுற்றுலா வருவாய் நின்றுவிடும். யானைகள் நெல் வயலில் இறங்குவதோ கதிர் முற்றும் பருவத்தில். பயணியின் பணம் வாகனம் வைத்திருப்பவரை அடைகிறது. யானை மிதித்த வயல் பெரும்பாலும் வேறொருவருடையது. பயணிகளிற் பெரும்பாலோர் பான்சுபாரி வாயில் வழியே நுழைவதால், கோக்லாபாரி போன்ற கிழக்கூர்களுக்கு எஞ்சியதே கிடைக்கிறது. காவலில் முதலில் இறங்கிய ஊர் வருவாயில் பின்தங்குவது முரணாகத் தோன்றலாம். சுற்றுலா சாலையைப் பார்த்துச் செல்வது, தியாகத்தைப் பார்த்தன்று.

எந்தச் சமூகம்?

'உள்ளூர்ச் சமூகம்' என்னும் சொல்லைத் திட்ட அறிக்கைகள் ஒருமையில் வழங்குகின்றன. மானசைச் சுற்றிப் போடோ மக்களேயன்றி, தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட ஆதிவாசிகளின் வழியினர், நேப்பாளியர், அசாமியர், வங்காள மொழி பேசும் முஸ்லிம்கள் ஆகியோரும் வாழ்கின்றனர். 2012 இல் போடோலாந்து மாவட்டங்களில் வெடித்த கலவரத்தில் நான்கு இலட்சம் பேருக்கு மேல் வீடிழந்தனர். 2014 மே மாதம் கொக்ரஜார், பாக்சா மாவட்டங்களில் முஸ்லிம்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலியானோரிற் பலர் பூங்காவை ஒட்டிய பெக்கி ஆற்றங்கரையினர். தாக்கியோருள் வனக்காவலரும் இருந்தனர் எனத் தப்பியவர்கள் குற்றஞ்சாட்டினர். காட்டை மீட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இப்பக்கத்தைத் திருப்புவதில்லை. ஒரு மக்களின் உரிமை ஏற்கப்பட்டதால் காடு பிழைத்தது என்று கூறும் எவரும், அந்த ஏற்பில் இடம்பெறாத அண்டை வீட்டாரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

போடோ மக்களுக்குள்ளும் நிலமற்றோர் உளர். மாவோசிகெந்திரி தொண்டர்கள் காவல் காத்த அதே புய்யான்பாரா வனச்சரகத்தில் பூங்கா நிலத்தின் ஒரு பகுதி உழப்பட்டு வயலாயிற்று. அவ்வாக்கிரமிப்பை அகற்றுமாறு உலக மரபுக் குழு தன் தீர்மானங்களில் பன்முறை கேட்டது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, 2005 டிசம்பர் 13-க்கு முன் பழங்குடியினர் பயிரிட்டுவந்த வன நிலத்திற்கு உரிமை கோர வழி தருகிறது. அந்நாளுக்குப் பின் ஏர் பிடித்தவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. திரும்பிச் செல்ல அவனுக்கு வேறு நிலமும் இல்லை.