அண்டை வீட்டார் செய்த அறம்

நோயாளிக்கு மருந்தளிப்போர் மருத்துவர். அவருடைய தனிமையைத் தீர்ப்போர் யாவர்? இவ்வினாவுக்குக் கேரளம் விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் இராசகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் கூடி வலி தணிப்புச் சங்கம் நிறுவினர். ஆயினும், படுக்கையினின்று எழ இயலாதோர் மருத்துவமனைக்கு எங்ஙனம் வருவர்? 2001இல் மலப்புரம் மாவட்டத்தில் பொதுமக்களே முன்வந்தனர். மாணவர், வணிகர், தொழிலாளர் எனப் பலரும் பயிற்சி பெற்று, இல்லந்தோறும் சென்று, நோயாளியர் அருகமர்ந்து அவர்தம் குறைகேட்டனர். 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பணிக்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது.

என் ஆசிரியர் நோயுற்றுக் கிடந்தகாலை, ‘யான் மருத்துவனல்லேனே, சென்று யாது பயன்?’ என்று வாளாவிருந்தேன். அவர் மறைந்தார். அவர் என்னிடம் எதிர்பார்த்தது மருந்தையா?

உங்கள் தெருவிலும் அத்தகையோர் இருப்பர். இன்று மாலையே சென்று காணுங்கள்.