நீலமலையும் இரு இளம் ஆய்வாளரும்

நீலகிரியின் வரலாற்றை எழுதுவோர் உதகையின் ஏரியையும் குன்னூரின் தேயிலைத் தோட்டங்களையும் மலை இரயிலையும் மறவாமல் குறிப்பிடுவர். அம்மலை ஓர் ஆய்வுப் பள்ளியாகவும் விளங்கியது என்பதை அறிந்தோர் சிலரே. மனித நடத்தையையும் பண்பாட்டையும் ஆராயும் துறை வேரூன்றிய காலத்தில், இளம் ஆய்வாளர் பலர் தம் முதற்பாடத்தைக் கற்ற இடங்களுள் நீலமலையும் ஒன்று.

1901–02ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிவர்ஸ் தோடரிடையே தங்கி ஆராய்ந்தார். அவர் 1906இல் வெளியிட்ட பெருநூல் தோடரின் குடிவழிகளையும் எருமைப் பால்மனைச் சடங்குகளையும் உலகறியச் செய்தது. எனினும் அவர் தோடமொழியைக் கற்றவரல்லர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே கேட்டறிந்தார். எனவே ஒரு மக்களின் வாழ்க்கை ஏடேறியது. அவர்தம் மொழியின் ஒலியோ ஏடேறாமல் நின்றது.

அக்குறையை நிரப்ப வந்தவர் மரே பார்ன்சன் எமனோ. 1904இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த அவர், யேல் பல்கலைக்கழகத்தில் வடமொழி வேதாளக் கதைகளை ஆராய்ந்து 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். அது உலகமெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம். பட்டம் பெற்றோர்க்கும் ஆசிரியப் பணி எளிதில் கிட்டவில்லை. யேலிலேயே தங்கிய எமனோ, எட்வர்ட் சபீர் என்னும் பேரறிஞரிடம் மொழிகளைக் காதால் கேட்டுக் குறிக்கும் முறையைப் பயின்றார். தோடமொழியை ஆராயுமாறு வழிகாட்டியவரும் சபீரே. 1935இல் இந்தியா வந்த எமனோ, 1938 வரை தோடம், கோத்தம், குடகு, கோலாமி முதலிய மொழிகளைக் கேட்டெழுதினார். சபீரின் மற்றொரு மாணவரான டேவிட் மண்டல்பாம் 1936இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே கோத்தரின் வாழ்வியலை ஆராய நீலமலைக்கு வந்தார். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்.

இவ்விருவர்க்கும் துணைநின்றவர் சுல்லி என்னும் கோத்தர். ஆங்கிலம் கற்றுப் பள்ளி ஆசிரியராக விளங்கியவர். தம் மக்களின் பழவழக்கங்கள் சிலவற்றை மாற்ற முனைந்து, குடுமியைக் களைந்து, ஊராரின் எதிர்ப்பையும் தாங்கியவர். பழமையை விட்டு வெளியேற விரும்பிய அவரே பழங்கதைகளின் கருவூலமாகவும் இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த எமனோவின் கோத்தக் கதைத் தொகுப்பு சுல்லி சொல்லச் சொல்ல எழுதப்பட்டதேயாகும். மண்டல்பாமும் 1960இல் வெளிவந்த கட்டுரையொன்றில் சுல்லியைச் சீர்திருத்தக்காரராகவே சித்திரித்தார். இதில் ஒரு பெருமையும் ஓர் எச்சரிக்கையும் உள்ளன. ஒருவர் நினைவில் ஒரு மக்களின் கதைகள் காக்கப்பட்டமை பெருமை. அவர் பார்வையின் சாய்வும் அக்கதைகளோடு கலந்தே வரும் என்பது எச்சரிக்கை.

தோடரிடம் எமனோ கண்டது வேறொரு செல்வம். தோடர் வாழ்வில் நிகழும் எதுவும் பாட்டாகலாம். பாட்டுக் கட்டும் ஆற்றல் அங்குத் தனியொரு புலவர் குலத்தின் உடைமையன்று. அப்பாடல்களில் தொடர்கள் இணையிணையாக வரும். ஓர் எருமையின் பெயரையோ இடத்தின் பெயரையோ பாடியவுடன் அதற்கு இணையான பெயர் மரபுப்படி தொடரும். முதற்பாதியைக் கேட்டவர் மறுபாதியை உணர்ந்துகொள்வர். எழுத்தின்றி வாழ்ந்த மக்கள் வகுத்துக்கொண்ட யாப்பு இது என்றே கூறலாம்.

இவ்வுழைப்பின் பயன் உடனே விளையவில்லை. சபீர் 1939இல் மறைந்தார். மாணவரின் கோத்தக் கதைகள் நூலானதை அவர் காணவில்லை. ஆயிரம் பக்க அளவிலான தோடப் பாடல் தொகுப்பு வெளிவந்தது 1971இல். தோட இலக்கண நூல் 1984இல். முப்பதுகளில் ஓர் இளைஞர் நிரப்பிய குறிப்பேடுகள் முழுதும் நூலாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 2005இல், நூற்றொன்றாம் அகவையில் எமனோ மறைந்தார்.

தமிழுக்கும் அக்குறிப்பேடுகள் பயன்பட்டன. எமனோவும் ஆக்ஸ்போர்டு அறிஞர் பரோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் தமிழ்ச் சொற்களோடு மலைமக்களின் சொற்களும் ஒரே வரிசையில் அமர்ந்தன. நாம் ‘செவி’ என்பதைக் கோத்தர் ‘கெவ்’ என்பர். கன்னடர் ‘கிவி’ என்பர். இச்சொல்லின் முதலில் தமிழில் சகரமாகத் திரிந்த பழைய ககரத்தைக் கோத்தம் இன்றும் காத்து நிற்கிறது. இலக்கியமில்லாத மொழி என்று ஒதுக்கப்பட்டது நம் மொழியின் முன்னைய நிலைக்குச் சான்றாயிற்று.

இளம் ஆய்வாளர் முதலிற் கற்கவேண்டியது கேட்கும் பொறுமையே என்பதை நீலமலை இவர்கட்கு உணர்த்தியது. ஆயினும் கேட்டவர் பெயர் நூலின் முகப்பில் நிற்க, சொன்னவர் பெயர் உள்ளே ஒடுங்கிவிடுவது இத்துறையின் பழங்குறை. தோடப் பாடல்கள் ஒலிக்குறிகளிலும் ஆங்கிலப் பெயர்ப்பிலுமாக அச்சேறி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இணைத்தொடர்களால் இயன்ற அப்பாட்டு மரபை, பாடியோர் பெயரோடு அறிந்து போற்றுவது அம்மலையின் அடிவாரத்தே வாழும் தமிழ்க் கவிஞரின் கடனாகும்.