இசை ஆசிரியர்: பயிற்சியும் பணியில் நிலைத்தலும்

கொல்லி என்பது நாமக்கல் மாவட்ட மலையின் பெயர் மட்டுமன்று, தேவாரப் பண் ஒன்றின் பெயரும்கூட. பாணரையும் விறலியரையும் புரந்த சங்ககால மன்னன் வல்வில் ஓரி ஆண்ட இம்மலையின் பள்ளிகளுக்கும் பொருந்தும் கேள்வி, இசை ஆசிரியரை எப்படித் தக்கவைப்பது என்பது.

இசை ஆசிரியருக்கெனத் தனிப் பயிற்சி தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை மியூசிக் அகாடமி 1931இல் ஆசிரியர் இசைக் கல்லூரியைத் தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல் முதல்வர். பயிற்சி இருந்தும் பணியிடம் சுருங்கியதே பிற்காலச் சிக்கல். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் உடற்கல்வி, ஓவியம், இசை முதலிய பாடங்களுக்கு நியமிக்கப்பட்டனர். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். வேலை வாரத்துக்கு மூன்று அரை நாள். மே மாதம் ஊதியம் இல்லை என்பது அவர்களின் நெடுநாள் குறையாக இருந்தது. 2017இல் அறிவிக்கப்பட்ட 1,325 சிறப்பாசிரியர் இடங்களில் இசைக்குக் கிடைத்தவை 86.

புதிய ஆசிரியருக்கு மூத்தவரின் வழிகாட்டல் கிடைத்தால் பணியில் நீடிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கூடுகிறது என்று கல்வி ஆய்வாளர்கள் இங்கர்சால், ஸ்ட்ராங் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு மதிப்பாய்வு காட்டுகிறது. இசையில் இது இன்னும் முக்கியம்: பள்ளிக்கு ஒருவரே இருப்பார், கலந்து பேச அதே பாடத்துச் சக ஆசிரியர் இல்லை. கொல்லிமலையில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலுள்ள பள்ளியில் அந்தத் தனிமை இரட்டிக்கும். கீர்த்தனை மட்டும் கற்றுவந்தவர், சுருதிப்பெட்டியோடு ஐம்பது பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைக்கத் திணறுவார். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் சொந்தப் பாட்டிலிருந்து தொடங்கப் பயிற்சியில் இடமிருந்தால் வகுப்பு எளிதாகும். ஆனால் நிரந்தரப் பணியின்றிப் பயிற்சி மட்டும் தருவது, ஆசிரியரை வேறு வேலைக்குத் தகுதியாக்கி அனுப்புவதாகவும் முடியலாம்.