பேறுகாலச் சாவுகளில் மறைந்திருந்த மலேரியா

இலங்கையில் 1946-இல் ஆயிரம் பேருக்கு இருபது என்றிருந்த இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே பதினான்காக இறங்கியது. உலகின் மக்கள்தொகை வரலாற்றில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் சரிவு இது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கும் வேலை தீவெங்கும் பரவியதும் அதே சமயம்தான். அதனால் கொசுமருந்துதான் சாவைக் குறைத்தது என்றார்கள் ஒரு சாரார். ஆஸ்பத்திரியும் மருத்துவமாதும் உணவும்தான் என்றார்கள் மறு சாரார். சர்ச்சை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அதே காலத்தில் இன்னொரு எண்ணும் விழுந்தது. உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 1930-களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அது ஐந்நூறை ஒட்டி வந்துவிட்டது. இந்த எண்ணிலிருந்து தொடங்கினால் 'கொசுமருந்தா, மருத்துவமாதா' என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்று தெரியும். கர்ப்பிணியிடம் மலேரியா பெரும்பாலும் தன் பெயரில் கொல்வதில்லை.

1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகக் கரைபுரண்டு ஓடும் தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவை வற்றி, மணலிலும் பாறை இடுக்குகளிலும் தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு முட்டையிட விரும்புவது வெயில் படும் இத்தகைய சுத்தமான தேக்கத்தில்தான். நல்ல மழையாண்டில் ஆற்று வெள்ளமே அதன் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். அக்டோபருக்குப் பின் கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் காய்ச்சல் வெடித்தது. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மலேரியா என்றும் குடியிருந்த வடக்கு, கிழக்கு உலர் வலயத்தில் அல்ல, அதை அதிகம் அறியாத ஈர வலயத்தில்தான் அழிவு பெரிதாக இருந்தது. சிறு வயது முதல் கடிபட்டு வரும் எதிர்ப்புச் சக்தி அங்குள்ளோருக்கு இல்லை.

எதிர்ப்பில்லாத ஊரில் கர்ப்பிணியின் நிலை என்ன என்பதை அப்போதே ஒருவர் எழுதிவைத்தார். கொழும்பு டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரியில் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர் ஜி. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய, கொள்ளைநோய்க் காலத்தில் வந்த கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் கர்ப்பத்தில் செய்வதைப் பற்றி 1937-இல் நூல் வெளியிட்டார். மலேரியா கண்ட கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 13 பேர் இறந்ததாக அவருடைய கணக்கு. கர்ப்பமில்லாத பெண்களைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. கருக்கலைவும் குறைப்பிரசவமும் செத்துப் பிறந்த குழந்தைகளும் தனி. இரு நோய்களையும் ஒரே நூலில் அவர் வைத்தது தற்செயலல்ல. ஒன்று சிவப்பணுக்களை உடைக்கிறது, மற்றது குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்த உடம்பில் பிரசவத்தின்போது போக மிச்ச இரத்தம் கிடையாது.

மருந்தே இல்லாத காலம் அல்ல அது. கொயினா இருந்தது. ஆனால் கொயினா கருப்பையைச் சுருங்க வைத்துக் கருவைக் கலைத்துவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடையே வேரூன்றியிருந்தது. கருவைக் கலைக்க அதை நாடியவர்களும் இருந்ததால் அந்த அச்சத்தை எளிதில் தள்ளவும் முடியவில்லை. கருவைக் கலைத்ததில் பெரும்பங்கு காய்ச்சலுக்கே உரியது என்பதைத் தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1985-இல்தான் தெளிவாகக் காட்டியது. அதுவும், கொயினா கர்ப்பிணியின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடு. எந்தப் பெண்ணுக்கு மருந்து மிக அவசரமோ அவளுக்கே அது தயக்கத்தோடு கொடுக்கப்பட்டது என்பதைக் கொள்ளைநோய்க் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

உலர் வலயத்தில் நோயின் போக்கே வேறு. அங்கே வளர்ந்த பெண்ணுக்குப் பாதி எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும். கடும் காய்ச்சல் வராமலே போகலாம். ஆனால் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நச்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அவை ஒட்டுவது நச்சுக்கொடியிலுள்ள கான்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்ற பொருளில் என்பதை மிக்கால் ஃப்ரீடும் பாட்ரிக் டஃபியும் 1996-இல் கண்டுபிடித்தனர். முதல் கர்ப்பத்துக்கு முன் ஒரு பெண்ணின் உடலில் நச்சுக்கொடி இருந்ததில்லை. ஆகவே இந்த ஒட்டுதலை எதிர்க்க அவள் உடல் கற்றிருக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு ஆபத்து அதிகம் என்று கிராமத்தார் சொன்னதற்கு வேறு காரணங்களோடு இதுவும் ஒன்று. விளைவு மெதுவாக வரும்: தாய்க்கு இரத்தசோகை, குழந்தைக்குக் குறைந்த எடை. பிரசவ நாளில் உதிரம் சற்று அதிகமாகப் போனால், திடமான பெண் பிழைத்துக்கொள்வாள், சோகை பிடித்தவள் இறப்பாள்.

அந்தச் சாவு எந்தப் பெயரில் பதிவாகும்? பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கிராமத்தில் காரணத்தை எழுதியவர் மருத்துவர் அல்ல, பதிவாளர். வீட்டார் சொன்னதை அவர் எழுதினார். இரத்தப்போக்கு, பிரசவம், வலிப்பு என்று ஏதோ ஒன்று வந்திருக்கும். ஆகவே மலேரியா என்று பதிவான சாவுகளை மட்டும் எண்ணி நோயின் பங்கை அளந்தால் தாய்மார் கணக்கில் வரமாட்டார்கள்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. ஆய்வாளர்கள் ஹரால்ட் ஃபிரெடரிக்சனும் எஸ். ஏ. மீகமவும், மலேரியா குறைவாக இருந்த மாவட்டங்களிலும் இறப்பு வீழ்ந்தது என்று காட்டினார்கள். பீட்டர் நியூமன், மலேரியாவின் அடையாளமான மண்ணீரல் வீக்கம் எத்தனை பேருக்கு என்ற அளவைக் கொண்டு மாவட்டங்களை ஒப்பிட்டு, போருக்குப் பிந்திய இறப்புச் சரிவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மலேரியா ஒழிப்பால் என்றார். ஆர். எச். கிரே 1974-இல் திரும்பக் கணக்கிட்டு அதை ஏறத்தாழ 23 ஆகக் குறைத்தார். தாய்மார் சாவு விகிதமும் மருந்தடிப்புக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. களுத்துறையில் 1926-இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. கொள்ளைநோய்க்குப் பிறகு அத்தகைய பிரிவுகள் பெருகின, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்களில் அமர்த்தப்பட்டார்கள். 1931-இல் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்திருந்த நாட்டில், கேகாலைக்காரரின் சாவை அரசியல்வாதிகள் புறக்கணிக்க முடியாது. சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் பிரசவக் காய்ச்சலை அடக்கிய காலமும் அதுவே. இவை அனைத்தும் உண்மை.

ஆனாலும் பங்கு பிரிக்கும் இந்தக் கணக்கு, காரணங்கள் தனித்தனியே வேலை செய்தன என்று வைத்துக்கொள்கிறது. சோகை இல்லாத பெண்ணுக்கு வரும் இரத்தப்போக்கை மருத்துவமாது சமாளிக்கலாம், வண்டி வரும்வரை நேரம் கிடைக்கும். சோகை முற்றியவளுக்கு அந்த நேரம் இல்லை. மருந்தடிப்பு அந்த நேரத்தைக் கொடுத்தது. அதைப் பயன்படுத்த ஆள் இல்லாத இடத்தில் அது வீண். 1946-க்கும் 1953-க்கும் இடையே தாய்மார் சாவு திடீரென இறங்கியதை, பட்டினி, மருந்து, மருத்துவமாது, கொசு என்று நான்கு கூறாகப் போட முயல்வது எனக்குப் பொருளற்றதாகவே படுகிறது. பட்டினியைத் தனியாகச் சொல்பவர்களுக்கும் இதே பதில். ரப்பர், தேங்காய் விலை சரிந்த மந்தக் காலத்துக்குப் பின் கொள்ளைநோய் வந்தது. பசித்த கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து ஏற்கெனவே குறைந்திருந்தது.

தோட்டத் தொழிலாளர் பக்கமும் இதையே காட்டுகிறது. தமிழகத்திலிருந்து சென்றவர்கள் வாழ்ந்த உயர்ந்த மலைத்தோட்டங்களில் மலேரியா அரிது, கொக்கிப்புழு மிகுதி. முதல் உலகப் போர்க் காலத்தில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே கொக்கிப்புழுவை எதிர்த்து இயக்கம் நடத்தியது. அங்குள்ள பெண்ணின் சோகைக்கு வேறு காரணம், பிரசவத்தில் ஆபத்து அதே ஆபத்து. கொசுமருந்து அவளுக்கு ஒன்றும் செய்யாது.

பின்னால் ஒரு பரீட்சை தானாக நடந்தது. 1963-இல் தீவு முழுவதும் பதினேழு மலேரியா நோயாளிகளே பதிவானார்கள். மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. 1967-இல் நோய் திரும்பி, 1968-69-இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. 1934-ஐ நினைத்துப் பயந்தவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, தாய்மார் சாவு பழைய நிலைக்கு ஏறவில்லை. இதைக் காட்டி மலேரியாவுக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அம்முறை வந்ததில் பெரும்பகுதி விவாக்ஸ் வகை ஒட்டுண்ணி, கொல்லும் ஃபால்சிபாரம் அல்ல. குளோரோகுயின் மருந்து கைவசம் இருந்தது. மருத்துவமாது ஊரில் இருந்தாள். ஒட்டுண்ணியின் வகை பாதிப் பதில், மற்றது இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டியெழுப்பிய ஏற்பாடு. எந்தப் பாதி பெரியது என்பதற்கு 1969-இன் எண்கள் மட்டும் போதாது. ஃபால்சிபாரம் அதே அளவில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவை சொல்லவில்லை.